லான்செட்டைத் தொடங்கிய அறுவை மருத்துவர் தாமஸ் வேக்லி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவ வரலாறு பற்றி எங்கே பேசினாலும், வேக்லியின் பெயர் வந்ததும் கேள்விகள் கிளம்பிவிடுகின்றன. மருத்துவ மாணவர்கள், செவிலியர்கள், பத்திரிகை நண்பர்கள் என யார் கேட்டாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"லான்செட் ஆய்வு சொல்லுதுன்னு நியூஸ்ல அடிக்கடி வருதே, அதை ஆரம்பிச்சவர் டாக்டரா, பத்திரிகைக்காரரா?"

இரண்டும்தான். தாமஸ் வேக்லி இங்கிலாந்துக்காரர். 1817-ல் லண்டன் அறுவை மருத்துவர் கல்லூரியின் உறுப்பினராகத் தேறி, லண்டனிலேயே தொழில் செய்தார். 1823 அக்டோபர் 5 அன்று லான்செட்டின் முதல் இதழைக் கொண்டுவந்தார். மருத்துவ வாரப் பத்திரிகை, விலை ஆறு பென்ஸ். அப்போது அவருக்கு வயது 28.

இன்று லான்செட் என்றால் உலகத் தரமான ஆய்வுக் கட்டுரைகள் நினைவுக்கு வரும். தொடங்கியபோது அது அப்படி இல்லை. சண்டைக்கென்றே பிறந்த பத்திரிகை அது. ஆரம்ப இதழ்களில் நாடக விமர்சனமும் சதுரங்கப் பகுதியும்கூட வந்தன.

"பெரிய இடத்துப் பிள்ளையா? இல்லேன்னா அந்தக் காலத்துல இவ்வளவு துணிச்சல் எப்படி வரும்?"

இல்லை. 1795-ல் டெவன் மாவட்டத்தில் மெம்பரி என்ற ஊரில், பிள்ளைகள் நிறைந்த ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பதின்ம வயதில் டான்டன் நகரில் ஒரு மருந்தாளரிடம் தொழில் பழகப் போனார். பிறகு லண்டன் வந்து செயின்ட் தாமஸ், கைஸ் என்ற இரண்டு மருத்துவமனைகளில் படித்தார். நல்ல உடற்கட்டு உள்ளவர், குத்துச்சண்டையும் தெரியும்.

1820-ல் திருமணம். மாமனார் வசதியான வணிகர், செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் நிர்வாகத்திலும் இருந்தவர். அந்த ஆதரவில் ஆர்கைல் தெருவில் நல்ல வீடு எடுத்துத் தொழில் தொடங்கினார். வாழ்க்கை அப்படியே போயிருந்தால் பணக்கார டாக்டராக இருந்து மறைந்திருப்பார். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் வந்தது வினை.

"வீட்டைக் கொளுத்திட்டாங்கன்னு சொல்றாங்களே, அது நிஜமா?"

நிஜம். அந்த ஆண்டு மே மாதம், அமைச்சர்களைக் கொல்லச் சதி செய்ததாகக் கேட்டோ தெருச் சதிக்காரர்கள் ஐந்து பேரைத் தூக்கில் போட்டு, பிறகு தலையையும் வெட்டினார்கள். வெட்டியவன் முகமூடி போட்டிருந்தான். வேலை சுத்தமாக இருந்ததைப் பார்த்து, அவன் ஒரு அறுவை மருத்துவனாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. எப்படியோ அந்த வதந்தி வேக்லி மேல் வந்து விழுந்தது. அவருக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் இரவு சிலர் அவரை அடித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குத் தீ வைத்தார்கள். காப்பீட்டு நிறுவனமோ, அவரே கொளுத்தியிருப்பார் என்று சந்தேகப்பட்டுப் பணம் தர மறுத்தது. அவர் வழக்குப் போட்டு வென்றார். ஆனால் வீட்டோடு தொழிலும் போயிருந்தது, ஊரில் பெயரும் கெட்டிருந்தது. இந்தச் சமயத்தில்தான் வில்லியம் காபெட் என்ற அரசியல் பத்திரிகையாளரின் பழக்கம் ஏற்பட்டது. அதிகாரத்தில் இருப்பவர்களை அச்சில் நேருக்கு நேர் கேள்வி கேட்கலாம் என்பதற்குக் கண் எதிரே இருந்த உதாரணம் காபெட்.

"அப்படி என்னதான் எழுதினார், எல்லாரும் கோபப்பட?"

முதல் அடி விரிவுரைகள். லண்டனின் பெரிய மருத்துவமனைகளில் அறுவை மருத்துவர்கள் பாடம் நடத்துவார்கள், மாணவர்கள் கை நிறையக் கட்டணம் கட்டிக் கேட்பார்கள். அந்தப் பாடங்களை வேக்லி ஆள் வைத்துக் குறித்தெடுத்து, ஆறு பென்ஸுக்கு ஊர் முழுக்க விற்றார். கிராமத்து மருத்துவர்களும் லண்டன் பாடத்தைப் படிக்க முடிந்தது.

இரண்டாவது அடிதான் பலமானது. மருத்துவமனைகளில் நடந்த அறுவை சிகிச்சைகளை வாரா வாரம் செய்தியாகப் போட்டார். யார் செய்தார், எத்தனை நேரம் ஆனது, நோயாளி பிழைத்தாரா என்பதெல்லாம் வெளியே வந்தது. அதுவரை ஒரு மருத்துவமனைச் சுவருக்குள் யார் செத்தாலும் வெளியே தெரியாது. பதவிகள் அண்ணன் மகனுக்கும் அக்கா மகனுக்கும் சீடப்பிள்ளைக்கும் போய்க்கொண்டிருந்தன. அறுவை மருத்துவர் கல்லூரியை நடத்திய குழுவோ தன் உறுப்பினர்களைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டது. சாதாரண உறுப்பினர்களுக்கு வாக்கே இல்லை. இந்த மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததை வேக்லி விடாமல் எழுதினார். 1831-ல் கல்லூரி அரங்கத்தில் எதிர்ப்புத் தெரிவித்தபோது காவலர்களை வரவழைத்து அவரை வெளியே தள்ளினார்கள்.

"ஒருத்தர் வகுப்புல சொன்னதை எடுத்து அச்சடிச்சு விக்கிறது திருட்டு இல்லையா?"

நியாயமான கேள்வி. அன்றைக்கே இது நீதிமன்றம் வரை போனது. அரசரின் தலையிலிருந்த கட்டியை அகற்றிப் பட்டம் பெற்ற ஆஸ்ட்லி கூப்பரின் பாடங்கள்தான் முதலில் வெளிவந்தன. ஆசிரியர் யார் என்று அவர் தேடிப் போனபோது, தன் பழைய மாணவன் வேக்லி மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தார். கோபப்படவில்லை. தன் பெயரைப் போடாமல் வெளியிடும்படி பேசி முடித்துக்கொண்டார்.

செயின்ட் பார்த்தலோமியோ மருத்துவமனையின் ஜான் ஆபர்நெத்தி விடவில்லை. வழக்குப் போட்டார். பாடம் கேட்க வருகிற மாணவன் அதை லாபத்துக்கு அச்சிட மாட்டான் என்ற புரிதல் இருக்கிறது என்று சொல்லி, 1825-ல் நீதிமன்றம் தடை கொடுத்தது. அதே ஆண்டு பிற்பாடு தடை நீங்கியது. என் கருத்தைக் கேட்டால், ஆபர்நெத்தி பக்கமும் நியாயம் இருந்தது. உழைத்துத் தயாரித்த பாடம் அவருடையது. ஆனால் பொதுமக்களின் நன்கொடையில் ஓடும் மருத்துவமனையில், ஏழை நோயாளிகளின் உடலைக் காட்டி நடத்திய பாடம் அது. அதைக் கட்டணம் கட்டிய சிலருக்கு மட்டுமே உரியது என்று பூட்டி வைத்தது சரியில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"ஒரு மணி நேர ஆபரேஷன் கேஸ்னு ஒண்ணு சொல்வாங்களே, அது என்ன?"

1828 மார்ச்சில் கைஸ் மருத்துவமனையில் நடந்தது. நோயாளி ஸ்டீஃபன் பொல்லார்ட், சசெக்ஸ் பகுதி விவசாயி, வயது 53. சிறுநீர்ப்பையில் கல். அறுவை செய்தவர் பிரான்ஸ்பி கூப்பர். மேலே சொன்ன ஆஸ்ட்லி கூப்பரின் உறவுப் பையன் அவர், அந்த மருத்துவமனைப் பதவிக்கு அந்த உறவால்தான் வந்தார் என்பது லான்செட்டின் குற்றச்சாட்டு.

அது மயக்க மருந்து வருவதற்கு முந்தைய காலம். ஈதர் மயக்கம் 1846-ல்தான் வந்தது. நோயாளியைக் கட்டிப் போட்டு, முழு நினைவோடு இருக்கும்போதே அறுப்பார்கள். அதனால் வேகம்தான் கருணை. கைதேர்ந்தவர்கள் இந்தக் கல்லைச் சில நிமிடங்களில் எடுத்துவிடுவார்கள். பிரான்ஸ்பி கூப்பருக்குக் கல் அகப்படவில்லை. ஒரு கருவியை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார், அதுவும் உதவவில்லை. சுற்றிலும் மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, 55 நிமிடம் கழித்துத்தான் கல் வெளியே வந்தது. நடுவில் விட்டுவிடும்படி பொல்லார்ட் கெஞ்சியிருக்கிறார். மறுநாள் இறந்துபோனார்.

அங்கே இருந்து பார்த்த ஜேம்ஸ் லாம்பர்ட் என்ற மருத்துவர் இதை எழுதிக் கொடுத்தார். வேக்லி மார்ச் 29 இதழில் வெளியிட்டார். பிரான்ஸ்பி கூப்பர் 2,000 பவுண்டு கேட்டு அவதூறு வழக்குப் போட்டார். வேக்லி வழக்கறிஞர் வைக்காமல் தானே வாதாடினார்.

"கேஸ்ல தோத்துட்டார்தானே? அப்புறம் ஏன் ஜெயிச்ச மாதிரி பேசறீங்க?"

சட்டப்படி தோற்றார். டிசம்பரில் நடந்த விசாரணை முடிவில் நடுவர் குழு 100 பவுண்டு கொடுக்கச் சொன்னது. கேட்டதில் இருபதில் ஒரு பங்கு. வேக்லியின் செலவை ஈடுகட்ட மக்கள் பணம் திரட்டினார்கள்.

ஆனால் பிரான்ஸ்பி கூப்பரும் பதவி இழக்கவில்லை, கைஸ் மருத்துவமனையிலேயே தொடர்ந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாறியது வேறு. மருத்துவமனையில் ஒரு நோயாளி எப்படி இறந்தார் என்பதைப் பொது நீதிமன்றத்தில், சாட்சிகளை வைத்து, மருத்துவர் அல்லாதவர்கள் முன்னால் அலச முடியும் என்று ஆயிற்று. கற்றறிந்த மருத்துவர்கள் சாட்சிக் கூண்டில் ஏறி, அறுவை மருத்துவருக்கு எவ்வளவு திறமை வேண்டும் என்று விளக்க வேண்டியதாயிற்று. பொல்லார்டின் மரணம் கைஸ் சுவருக்குள்ளேயே அடங்கிப் போகவில்லை. நான் வெற்றி என்று சொல்வது இதைத்தான்.

"அந்த மனுஷன் கதறினதை நாடகக் காட்சி மாதிரி எழுதியிருக்காங்களாமே. அது அவருக்குச் செஞ்ச அவமானம் இல்லையா?"

ஆமாம், அந்தச் செய்தியை நாடகத்தைப் போலக் காட்சி காட்சியாகப் பிரித்துத்தான் போட்டார்கள். நோயாளியின் பெயரும் அதில் இருந்தது. குடும்பத்திடம் ஒப்புதல் கேட்கும் வழக்கமே அன்று இல்லை. படிக்கும்போது இன்றும் நெஞ்சு அடைக்கிறது. அதே நேரத்தில், எழுதியவர்களுக்குப் பிரான்ஸ்பி கூப்பரைக் கிழிப்பதில் இருந்த வேகமும் தெரிகிறது.

வேக்லியை மதிப்பவர்கள் இதை மழுப்பக் கூடாது. உண்மையைச் சொன்னது சரி, அந்த வடிவம் தவறு. நேரத்தையும் கருவிகளையும் நடந்ததையும் வரிசையாக எழுதியிருந்தாலே போதுமானதாக இருந்திருக்கும். வழக்கில் அவருக்கு எதிராகப் போனதிலும் அந்தக் கேலித் தொனிக்குப் பங்கு இருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

"இவ்வளவுக்கும் நடுவுல ஆபரேஷன் எப்போ பண்ணினார்?"

பத்திரிகை சூடு பிடித்த சில ஆண்டுகளில் தொழிலை விட்டுவிட்டார். கத்தியையும் பேனாவையும் ஆயுள் முழுக்க ஒன்றாகப் பிடித்தவர் என்று சிலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை. அதற்காக அவருடைய மருத்துவப் படிப்பு வீணாகவில்லை. பிணக்கூறாய்வு அறிக்கையைப் படிக்கத் தெரிந்தவர், அறுவை அறையில் எது இயல்பு எது பிசகு என்று தெரிந்தவர் என்பதால்தான் அவரை ஏமாற்ற முடியவில்லை.

1835-லிருந்து 1852 வரை லண்டன் ஃபின்ஸ்பரி தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். சங்கம் சேர்ந்ததற்காக ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட டால்படில் கூலித் தொழிலாளர்களுக்காக 1835-ல் அவர் பேசினார். மறு ஆண்டு அவர்களுக்கு மன்னிப்புக் கிடைத்தது.

"கரோனர் வேலையும் பார்த்தாராமே, அது என்ன வேலை?"

சந்தேகத்துக்கிடமான மரணங்களை நடுவர் குழுவை வைத்து விசாரிக்கும் வேலை. இலங்கையில் திடீர் மரண விசாரணை அதிகாரி என்று இன்றும் இருக்கிறார்களே, அந்த மரபு இங்கிலாந்திலிருந்து வந்ததுதான். அப்போது பெரும்பாலும் சட்டம் படித்தவர்கள்தான் இந்தப் பதவிக்கு வந்தார்கள். சாவுக்குக் காரணம் கண்டுபிடிக்க மருத்துவம் தெரிய வேண்டாமா என்று வேக்லி எழுதிக்கொண்டே இருந்தார். ஒருமுறை போட்டியிட்டுத் தோற்று, 1839-ல் மேற்கு மிடில்செக்ஸ் பகுதிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இதில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது 1846-ன் ஹவுன்ஸ்லோ வழக்கு. ஃபிரெடரிக் ஜான் ஒயிட் என்ற குதிரைப்படைச் சிப்பாய் சார்ஜன்ட்டைத் தாக்கியதற்காக ஜூன் 15 அன்று 150 சவுக்கடி வாங்கினார். ஜூலை 11 அன்று இறந்தார். இதயத்திலும் நுரையீரல் உறையிலும் அழற்சி, சவுக்கடிக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்று ராணுவ மருத்துவர்கள் சான்று கொடுத்துவிட்டார்கள். அடக்கம் செய்ய வேண்டிய பாதிரியாருக்கு மனம் ஒப்பவில்லை, அவர் வேக்லிக்குத் தகவல் அனுப்பினார். வேக்லி விசாரணையைக் கூட்டி, எராஸ்மஸ் வில்சன் என்ற மருத்துவரைக் கொண்டு முதுகையும் முதுகெலும்பையும் ஆராய வைத்தார். எலும்பை ஒட்டிய தசைகள் சிதைந்திருந்தன. சவுக்கடியால்தான் மரணம் என்று நடுவர் குழு சொன்னது. அந்த ஆகஸ்டிலேயே ராணுவம் சவுக்கடிக்கு 50 என்று உச்சவரம்பு வைத்தது. 1881-ல் ராணுவத்தில் அந்தத் தண்டனையே ஒழிந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். வில்சன் லான்செட்டின் துணை ஆசிரியராக இருந்தவர். விசாரிக்கும் அதிகாரி தன் பத்திரிகைக்காரரையே நிபுணராக அழைத்தால் இன்று கேள்வி எழும், எழவும் வேண்டும். அந்தத் தசைகள் எல்லோர் கண்ணுக்கும் தெரிய இருந்தன என்பதால் முடிவை நான் சந்தேகிக்கவில்லை.

"மெஸ்மரிசத்தை ஒழிச்சவரும் இவர்தானா?"

ஒழிக்கவில்லை, பலமாக அடித்தார். ஒருவித காந்த சக்தியால் ஆளை மயக்க நிலைக்குக் கொண்டுபோய் நோயைக் குணப்படுத்தலாம் என்ற நம்பிக்கைதான் மெஸ்மரிசம். ஜான் எலியட்சன் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையின் பெயர்பெற்ற மருத்துவர். லான்செட் அவருடைய பாடங்களை வெளியிட்டிருந்தது, வேக்லிக்கு நண்பரும்கூட. ஓக்கி சகோதரிகள் என்ற இரண்டு இளம்பெண்களை வைத்து, காந்த சக்தி ஏற்றிய நிக்கல் உடம்பில் பட்டால் வலிப்பு வரும், ஈயம் பட்டால் வராது என்று அவர் காட்டி வந்தார்.

1838 ஆகஸ்டில் வேக்லி தன் வீட்டிலேயே சோதனை வைத்தார். பெண்ணுக்குத் தெரியாமல் ஈயத்தைத் தொட வைத்தார்கள். நிக்கலைக் கவனமாக வைக்கும்படி பக்கத்தில் ஒருவர் முணுமுணுத்ததும் வலிப்பு வந்தது. நிஜ நிக்கலைத் தெரியாமல் தொட வைத்தபோது ஒன்றும் ஆகவில்லை. எந்தப் பொருள் என்று தெரியாமல் வைத்துச் சோதிக்கும் முறை இன்று மருந்து ஆய்வுகளின் அடிப்படை. அந்த டிசம்பரில் எலியட்சன் பதவி விலகினார். நண்பர் என்பதற்காக வேக்லி சோதனையைத் தள்ளிப் போடவில்லை. எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது இங்கேதான்.

"உணவுக் கலப்படத்துக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?"

1851 முதல் 1854 வரை, ஆர்தர் ஹில் ஹசால் என்ற மருத்துவர் லண்டன் கடைகளில் பொருள் வாங்கி நுண்ணோக்கியில் பார்த்தார். காபியில் சிக்கரி, ரொட்டியில் படிகாரம், மிளகாய்ப் பொடியில் ஈயச் செந்தூரம், ஊறுகாயில் பச்சை நிறத்துக்குத் தாமிரம். லான்செட் முடிவுகளை வெளியிட்டது. கூடவே கடைக்காரரின் பெயரையும் முகவரியையும் போட்டது. சுத்தமான பொருள் விற்றவர்களின் பெயரும் வந்தது. நாடாளுமன்றக் குழு விசாரித்து, 1860-ல் முதல் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. அது பலவீனமான சட்டம், 1875-ல்தான் உருப்படியான ஒன்று வந்தது.

"காலரா தண்ணியில பரவுதுன்னு சொன்ன ஜான் ஸ்நோவைக் கிண்டல் பண்ணினதும் இதே லான்செட்தானே?"

இதே லான்செட்தான். 1855-ல் நாற்றம் வீசும் தொழில்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் பற்றி விசாரணை நடந்தது. அந்த நாற்றத்தால் கொள்ளைநோய் வராது என்று ஸ்நோ சாட்சி சொன்னார். லான்செட் தலையங்கம் அவரைக் கடுமையாக ஏளனம் செய்தது. 1858-ல் ஸ்நோ 45 வயதில் இறந்தபோது சில வரிகளே எழுதியது. அதிலும் மயக்க மருந்து ஆய்வைச் சொன்னதே தவிர, காலரா பற்றி மூச்சு விடவில்லை. 2013-ல், ஸ்நோ பிறந்து 200 ஆண்டு ஆனபோதுதான் லான்செட் அதைத் திருத்தி எழுதியது.

பொல்லார்ட் விஷயத்தில் அறைக்குள் இருந்து பார்த்த சாட்சி இருந்தது. மெஸ்மரிச விஷயத்தில் சோதனை இருந்தது. ஸ்நோ விஷயத்தில் நாற்றமே நோய் தரும் என்று ஊர் நம்பியதை லான்செட்டும் நம்பி, தெருத்தெருவாகக் கணக்கெடுத்து வந்தவரைத் திட்டியது. ஆதாரம் கேட்டே பெயர் வாங்கிய பத்திரிகை ஆதாரத்தைப் பார்க்க மறுத்தது என்பதால் இது எனக்கு மிகவும் வலிக்கிற அத்தியாயம்.

"இந்தியாவோட ஏதாவது தொடர்பு உண்டா?"

நேரடியாக இல்லை. ஆனால் ஒரு இழை உண்டு. 1831–32 காலரா சமயத்தில், நோயாளியின் ரத்தத்தில் நீரும் உப்பும் குறைந்துபோவதைக் கண்டறிந்து லான்செட்டில் எழுதிய இளைஞர் வில்லியம் ஓஷானெஸி. அதைப் படித்து 1832-ல் ஸ்காட்லாந்தின் தாமஸ் லாட்டா ரத்தக் குழாய் வழியாக உப்புநீர் ஏற்றிப் பார்த்தார், அதுவும் லான்செட்டில் வந்தது. இன்று நாம் போடும் சலைன் பாட்டிலின் தொடக்கம் அது. ஓஷானெஸி 1833-ல் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் கல்கத்தா வந்தார். பிற்பாடு இந்தியாவுக்குத் தந்தி இணைப்புகளை அமைத்தவரும் அவரே.

"லான்செட் இப்பவும் அவங்க குடும்பத்துக்கிட்டதான் இருக்கா?"

இல்லை. வேக்லி 1862 மே 16 அன்று மதீரா தீவில் இறந்தார். மகன்களும் பேரனும் 1909 வரை ஆசிரியர்களாக இருந்தார்கள். 1991 முதல் அது எல்செவியர் நிறுவனத்திடம் இருக்கிறது.

"நானும் டாக்டர்தான். என் ஆஸ்பத்திரியில நடக்கிற தப்பை இவரை மாதிரி எழுதலாமா?"

அவர் எழுதிய மாதிரியே எழுத முடியாது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகள்படி, நோயாளியின் ரகசியத்தைக் காக்க வேண்டும். ஆளை அடையாளம் காட்டும் விவரத்தையோ படத்தையோ அவருடைய அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது. பொல்லார்ட் பற்றிய பதிலில் நான் தவறு என்று சொன்னது இன்று விதிமீறலும்கூட.

ஆனால் அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. சக மருத்துவரின் திறமைக் குறைவையோ ஊழலையோ நெறி தவறிய நடத்தையையோ அச்சமும் தயவும் இல்லாமல் வெளிப்படுத்த வேண்டும் என்று 1.7-ஆவது விதி சொல்கிறது. அதனால் நோயாளியின் பெயர், வார்டு, தேதி என எது அவரைக் காட்டிக்கொடுக்குமோ அதை நீக்குங்கள், முடிந்தால் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். கேஸ் ஷீட்டில் இருப்பதை, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள், கேள்விப்பட்டதை விட்டுவிடுங்கள். முதலில் மருத்துவமனைக் குழுவுக்கோ மாநில மருத்துவக் கவுன்சிலுக்கோ எழுத்தில் புகார் கொடுத்து, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்பு ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.